குடைக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு மடை

குடை பிடித்தவரெல்லாம் பெரிய மனிதர் என்று ஜனங்கள் நம்பின காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ராஜா இல்லாத நாடு ஒன்றும் இருந்தது. நெடுங்குளம் நாடு என்று பேர். ராஜா இல்லாமல் ஒரு நாடா என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். இருந்தது ஐயா, இருந்தது. நம்ப முடியவில்லை என்றால் தாராளமாக எழுந்து போகலாம். ஆனால் உட்கார்ந்த இடம் போய்விடும், பின்னால் ஆள் நிற்கிறது.

ராஜாவுக்குப் பதில் அங்கே ஒரு தலைவர். தலைவருக்குக் கடிவாளம் போட இருபத்தொரு பேர் கொண்ட ஒரு சபை. ஜனங்கள் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். யார் பேருக்கு ஓலை அதிகமோ அவர் பதவிக்கு வருவார்.

தலைவருக்கு அடையாளம் ஒரு தாழங்குடை. சபையாருக்கு அடையாளம் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. சபை ஒரு சட்டத்தை வாசிக்கும். தலைவர் குடையை விரித்தால் அது சட்டம். குடையை மடக்கினால் சட்டம் இல்லை. மடக்கிய பிறகும் சபையில் பதினாலு பேர் எழுந்து நின்று துண்டை உதறினால், குடை மடங்கினாலும் அது சட்டம்தான். இவ்வளவுதான் அவர்கள் அரசியல். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாட்டின் நடுவில் ஒரு பெரிய ஏரி. அதற்கு மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு கரை. கீழ்கரையில் பெரியவீட்டுக்காரர்கள் ஆட்களை அடிமையாக வைத்து வேலை வாங்கினார்கள். அப்பன் அடிமை, மகன் அடிமை, பிறக்கப் போகிற பேரனும் அடிமை. மேல்கரைக்காரர்கள் அநியாயம் என்றார்கள். கீழ்கரைக்காரர்கள் எங்கள் வீட்டு விவகாரம் என்றார்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கைச்சண்டை ஈட்டிச் சண்டையாகி, நாலு வருஷம் மாமனும் மச்சானும் வெட்டிக்கொண்டார்கள். அந்த நாலு வருஷத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அழுதுவிடுவீர்கள். நான் இன்றைக்குச் சிரிக்க வைப்பதாக உத்தேசம்.

மேல்கரை ஜெயித்தது. அடிமைகள் விடுதலை ஆனார்கள். முந்நூறு பேருக்கு ஏரியின் கடைமடையில் நிலம் அளந்து கொடுத்தார்கள். அது கால்வாயின் கடைசி. எல்லாருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் தண்ணீர் அங்கே போகும். இருந்தாலும் சொந்த நிலம் அல்லவா? காத்தாயி என்கிற பெண்பிள்ளை அந்த மண்ணை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று நாள் அவிழ்க்கவே இல்லை.

இந்தக் காத்தாயியைக் கொஞ்சம் கவனியுங்கள். முப்பது வயது. மெலிந்த உடம்பு, உரத்த சிரிப்பு. அடிமையாக இருந்தபோது அவளுக்கு ஒரு விசித்திரமான வேலை. ஏரி மடையின் மேல் மடைக்காரர் உட்காரும் கல் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஏரித் திருவிழாவுக்கு முதல் நாள், அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். எட்டு வயதில் ஆரம்பித்து இருபது வருஷம் தேய்த்தாள். பிறகு வருவோம் அதற்கு.

இப்போது தலைவர் கதை. சண்டையை நடத்தி ஜெயித்த பழைய தலைவர், வெற்றி முரசு கொட்டிய ஏழாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நாடே அழுதது. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த மருதவாணர் குடையைப் பிடித்தார். மருதவாணர் பிறந்தது கீழ்கரையில். தொழில், குடை கட்டுவது. ஆமாம், தலைவரின் குடையையே ஒரு காலத்தில் கட்டிக் கொடுத்தவர். ஏழையாகப் பிறந்து மேலே வந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை, ஆனால் அவர் விடமாட்டேன் என்கிறார்.

ஏனென்றால், குடை கட்டின காலத்தில் தம் வாசல்படி ஏற விடாத பெரியவீட்டுக்காரர்கள் இப்போது வரிசையில் வந்து, "தலைவரே, நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்" என்று கும்பிட்டார்கள். மனிதர் உருகிவிட்டார். "சண்டை முடிஞ்சுது. எல்லாத்தையும் மறப்போம். பெரியவீட்டுக்காரங்க பழையபடி சபையில வந்து உக்காரட்டும்" என்றார். மறப்பது நல்லதுதான். யார் எதை மறக்க வேண்டும் என்று மட்டும் அவர் கடைமடைக்காரர்களைக் கேட்கவில்லை.

சபை கொதித்தது. சபை முதல்வர் எழினியார் மகா கோபக்காரர். காலையில் பல் விளக்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். அன்று பல் விளக்குவதை விட்டுவிட்டுச் சட்டம் எழுதினார்.

முதல் சட்டம்: கடைமடை நிலத்துக்கும் ஏரித் தண்ணீரில் பங்கு உண்டு. தலைவர் குடையை மடக்கினார், படக்! பதினாலு பேர் எழுந்து துண்டை உதறினார்கள். சட்டமாயிற்று.

இரண்டாம் சட்டம்: கடைமடைக்காரர்களும் குடத்தில் ஓலை போடலாம். தலைவர் குடையை மடக்கினார், படக்! பதினாலு துண்டு உதறின. புழுதியில் மூன்று பேர் தும்மினார்கள். சட்டமாயிற்று.

மூன்றாம் சட்டம்: சபையைக் கேட்காமல் தலைவர் மடைக்காரரை நீக்கக் கூடாது. படக்! அடித்த அடியில் குடைக்காம்பு விரிசல் விட்டது. பதினாலு துண்டு உதறின. இந்தத் தடவை எல்லாருமே தும்மினார்கள். அதுவும் சட்டமாயிற்று.

மூன்று சட்டமும் நல்ல சட்டம் என்பதுதான் என் கட்சி. ஆனால் நல்ல சட்டம் செய்த கையோடு மனிதருக்கு ஒரு கிறுக்கு வருகிறது பாருங்கள், தலைவரைத் தோற்கடித்தோம் என்கிற கிறுக்கு! அன்று சாயங்காலம் சபையில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. தலைவர் முகம் போன போக்கைப் பற்றியே பேசினார்கள்.

இனி மடைக்கு வருவோம். மடையில் இரண்டு கல்தூண். நடுவில் மடைக்காரரின் கல். இடது தூணில் ஒரு விதி வெட்டியிருந்தது: கல்லில் உட்கார்ந்தவர் 'திற' என்று சொன்னால்தான் மடையைத் திறக்கலாம், சொல் இல்லாமல் மடையைத் தொட்டவன் நிலத்தை இழப்பான். வலது தூணில் இன்னொரு விதி: கல் காலியாகக் கிடந்தால், கரையில் முதலில் நிற்கும் உழவர் உட்கார்ந்து சொல் சொல்லலாம். வெள்ள காலத்துக்காக எழுதி வைத்தது அது. மூன்றாவது விதி ஒன்று உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் யாரும் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கதைக்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டாமா?

கடைமடைக்காரர்கள் நாற்று விட்டிருந்தார்கள். நாற்றுக்கு இருபது நாள் ஆயிற்று. பிடுங்கி நட வேண்டிய பருவம். முப்பதாம் நாள் தாண்டினால் நாற்று முற்றிக் கணு வைத்துவிடும், நட்டாலும் உதவாது. வேறு விதை கிடையாது. இருந்ததையெல்லாம் விதைத்துவிட்டார்கள்.

பெரியவீட்டு வல்லத்தரையருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவர் கடைமடைக்குப் போகும் வழியில் ஒரு கஞ்சித் தொட்டி வைத்தார். போகிறவர் வருகிறவரைச் சிரித்த முகமாகக் கூப்பிட்டார். "நடவு நின்னா பசிக்கும்ல? வாங்க. பழைய கொட்டகை அப்படியேதான் இருக்கு. கூரைகூட மாத்தல" என்றார்.

அடிமைகளை அடைத்து வைத்த அந்தப் பழைய கொட்டகையைக் காத்தாயி நினைத்துப் பார்த்தாள். அவள் அம்மா அதில்தான் செத்தாள். காத்தாயி தொட்டியின் பக்கமே திரும்பவில்லை. "கஞ்சி ஆறிடப் போகுது, நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இருபதாம் நாள் காலையில் மடைக்காரர் செங்கோடன் கல்லில் உட்கார்ந்தார். கடைமடையிலிருந்து நாலு ஆள் மடைக்கதவைத் தூக்கும் கழியைப் பிடித்து நின்றார்கள். செங்கோடன், "திற!" என்றார். தண்ணீர் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து பூவராகன் என்கிறவர் ஓடி வந்தார். கையில் தலைவரின் ஓலை. "செங்கோடன் நீக்கம். இனிமே நான்தான் மடைக்காரன்" என்று சொல்லிக் கல்லின் மறுபாதியில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில், "மூடு!" என்றார்.

நாலு ஆளும் மூடினார்கள். செங்கோடன், "திற!" என்றார். திறந்தார்கள். பூவராகன், "மூடு!" என்றார். மூடினார்கள். திற! மூடு! திற! மூடு! மத்தியானம் வரைக்கும் இதுதான். கால்வாயில் ஒரு முழம் தண்ணீர் போகும், நிற்கும். இன்னும் ஒரு முழம் போகும், நிற்கும். முன்னால் போன தண்ணீரை வெயில் குடித்துவிடும். நாலு ஆளுக்கும் தோள் கழன்றுவிட்டது. ஒருவன், "ஐயா, ரெண்டு பேரும் பேசி வச்சு ஒரே சொல்லாச் சொல்லுங்க" என்று கெஞ்சினான். உடனே இருவரும் ஒரே குரலில், "நீ சும்மா இரு!" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

எழுந்தால் கல் போய்விடும் என்ற பயத்தில் இருவரும் அங்கேயே சாப்பிட்டார்கள், அங்கேயே தூங்கினார்கள். செங்கோடன் தம் இடுப்பைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்துப் பூவராகனும் கட்டிக்கொண்டார். செங்கோடனுக்குச் சபையாரின் கட்டளை தினமும் வரும்: "உயிரே போனாலும் எழுந்திருக்காதீர்." பூவராகனுக்குத் தலைவரின் கட்டளை வரும்: "எழுந்தால் உம் முகத்தில் விழிக்கமாட்டேன்." தண்ணீர் என்கிற சொல் இரண்டிலும் இல்லை.

காத்தாயி சபைக்குப் போனாள். எழினியார் கண் கலங்கிவிட்டார். "உனக்காகத்தானம்மா இவ்வளவும்! அந்தக் குடைக்காரனை இறக்காம ஓயமாட்டேன்" என்றார். "அவரை அப்புறம் இறக்குங்கய்யா. தண்ணிய இப்ப இறக்குங்க" என்றாள் காத்தாயி. எழினியாருக்கு அதைக் கேட்க நேரமில்லை. குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தார்.

காத்தாயி தலைவரிடம் போனாள். அவர், "சபைக்காரன் உன்னைத் தூண்டிவிட்டானா? உனக்குத் தண்ணி தரமாட்டேன்னு நான் சொன்னேனா? என் ஆள் சொல்லித்தான் தரணும்னு சொன்னேன்" என்றார். "அப்ப உங்க ஆளையே சொல்லச் சொல்லுங்க" என்றாள். "முதல்ல அவங்க ஆள் எழுந்திருக்கட்டும்" என்றார்.

அப்படியே நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆயிற்று. கடைமடைக்காரர்கள் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நடவுக்கு அது எங்கே போதும்?

அன்றைக்குத்தான் சபையில் விசாரணை ஆரம்பமானது. மூன்றாம் சட்டத்தை மீறி மடைக்காரரை நீக்கினதற்காகத் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் விசாரணை! மடைக்கு நேர் எதிரே, ஏரிக்கரைக் கல்மண்டபத்தில். இருபத்தொரு பேரில் பதினாலு துண்டு உதறினால் குடை பறிபோகும். நாடே திரண்டு வந்தது. சுண்டல் விற்றார்கள், பனைவிசிறி விற்றார்கள். குற்றச்சாட்டு உண்மையில் மூன்றுதான். எழினியார் அதைப் பதினொன்றாக ஆக்கியிருந்தார். பதினோராவது குற்றம், முதல் பத்துக் குற்றங்களையும் செய்தார் என்பது.

மூன்று நாள் வாதம் நடந்தது. பதின்மூன்று பேர் இறக்கு என்றார்கள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சம் ஒருவர், சின்னுடையார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். முதல் நாள் கேட்டார்கள், "பார்க்கலாம்." இரண்டாம் நாள் கேட்டார்கள், "பார்க்கலாம்." மூன்றாம் நாள் எழினியார் அவர் காதருகே கத்தினார். சின்னுடையார் காதைத் துடைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். ஓட்டெடுப்பு மறுநாள் என்று ஆயிற்று.

மறுநாள், நாற்றுக்கு இருபத்தெட்டாம் நாள். காத்தாயி அதிகாலையில் நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கி, விரலால் தடவிப் பார்த்தாள். அடியில் லேசாகத் திரண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள். அதற்கப்புறம் கொட்டகைதான். அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். நன்றாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி எறிந்தபோது, திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

"எல்லாரும் ஆளுக்கொரு சட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "தண்ணி மொள்ளவா?" என்று கேட்டார்கள். "இல்ல, சாப்பிட" என்றாள்.

முந்நூறு பேர், முந்நூறு சட்டி. டங் டங் என்று தட்டிக்கொண்டு கரையேறினார்கள். மண்டபத்தில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. காத்தாயி மடைக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

"ஐயாமாரே, ஒரு சந்தேகம். உங்கள்ல யாரு மடைக்காரர்?"

"நான்!" என்றார் செங்கோடன். "நான்!" என்றார் பூவராகன்.

அவள் சபையைப் பார்த்தாள். "சபையோரே, யாரு மடைக்காரர்?"

"செங்கோடன்! நாங்க உக்கார வச்ச ஆள்!" பதின்மூன்று தொண்டை ஒன்றாகக் கத்தியது.

அவள் தலைவரைப் பார்த்தாள். "தலைவரே, நீங்க சொல்லுங்க."

"பூவராகன்! நான் உக்கார வச்ச ஆள்!"

"சத்தியமா?" "சத்தியம்!" "ஏரி மேல?" "ஏரி மேல!" இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு சத்தியம் செய்தது.

காத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைமடைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கள்ல? இனிக் கவலை விட்டுச்சு. நூத்தம்பது பேர் சபை பக்கம் நில்லுங்க. நூத்தம்பது பேர் தலைவர் பக்கம். குழந்தைங்களை முன்னால விடுங்க, அதுங்களுக்குத்தான் பசி தாங்காது."

"என்னம்மா இது, எதுக்கு வரிசை?" என்றார் எழினியார்.

"சாப்பாட்டுக்குங்க. மூணாவது விதிப்படி."

எல்லாரும் தூண்களைப் பார்த்தார்கள். இடது தூணில் ஒன்று, வலது தூணில் ஒன்று. "மூணாவது எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

"அவங்க ரெண்டு பேருக்கும் அடியில."

இப்போது தெரிகிறதா? நூறு வருஷமாக மடைக்காரர்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள்! திருவிழாவுக்கு முதல் நாள் தவிர அந்தக் கல்லைக் கழுவினவரும் இல்லை, குனிந்து பார்த்தவரும் இல்லை. அன்றைக்கு அதைப் பார்த்தவள் ஒருத்திதான், நாரும் சாம்பலுமாக. ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் விரல் விட்டு அழுக்கெடுத்தவள். வழியில் போகிற கணக்கரிடமும் பூசாரியிடமும் மண்ணில் வரைந்து காட்டி, "சாமி, இந்த வளைவுக்குப் பேரென்ன? இந்தக் கொம்புக்குப் பேரென்ன?" என்று கேட்டுக் கேட்டே எழுத்துப் படித்தவள்.

"எழுந்து பாருங்க" என்றாள் காத்தாயி. இருவரும் எழுவார்களா? "நீ முதல்ல எழு." "நீ எழு." கடைசியில் இருவரும் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் விட்டு, தங்களுக்கு அடியில் தடவிப் பார்த்தார்கள். ஐயோ, அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்! நாட்டின் இரண்டு பெரிய அதிகாரிகள், இடுப்பில் கயிறு, கை பின்னால், கண் மேலே, எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள்.

"வா... டி... ய..." என்றார் செங்கோடன்.

"நாற்... றுக்கு..." என்றார் பூவராகன்.

ஒருவர் பாதிக் கல்லில் இருந்ததால் ஒருவருக்குப் பாதி விதிதான் எட்டியது. எட்டு நாளில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கடைசியில் காத்தாயியே முழுவதையும் சொன்னாள். "வாடிய நாற்றுக்கு மடைக்காரரே பொறுப்பு. நாற்று வாடினால், நாற்றுக்காரர் குடும்பம் ஓராண்டு உண்பது மடைக்காரர் வீட்டிலும், அவரை அமர்த்தியவர் வீட்டிலும்."

செங்கோடனின் விரல் கடைசி எழுத்தைத் தடவி நின்றது. "அப்படித்தான் இருக்கு" என்றார்.

"நாளை கழிச்சு நாத்து கணு வச்சிரும்" என்றாள் காத்தாயி. "இன்னைக்கே வந்து பாத்திரம் பண்டம் பாத்துக்கலாம்னு வந்தோம். எழினியாரய்யா, உங்க வீட்டு உலைப்பானை பெருசா? தலைவர் வீட்டுச் சாப்பாட்டுல காரம் ஜாஸ்தின்னாங்க, அதனால உங்க வீட்டுக்கே வரலாம்னு."

முந்நூறு சட்டி டங் டங் என்று அடித்தது. அப்புறம் நடந்ததை நிதானமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நிதானமாக நடக்கவில்லை.

"நான் மடைக்காரன் இல்லை!" என்றார் செங்கோடன். "தலைவர் என்னை நீக்கி எட்டு நாளாச்சு. ஓலை இருக்கு, பாருங்க!"

"நானும் இல்லை!" என்றார் பூவராகன். "என்னை வச்சது சட்டப்படி செல்லாது. மூணாவது சட்டம் இருக்கே!"

"செங்கோடனா? யார் அது?" என்றார்கள் சபையார். "தலைவர் நீக்கினா நீக்கினதுதான். தலைவர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?"

"சேச்சே, நான் பூவராகனை அமர்த்தினது தப்பு" என்றார் தலைவர். "சபையைக் கேக்காம நான் ஒரு துரும்பை அசைப்பேனா?"

நாலு வருஷச் சண்டையிலும் அதற்குப் பிந்தைய சண்டையிலும் வராத மரியாதை அரை நிமிஷத்தில் வந்துவிட்டது பாருங்கள். செங்கோடன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் குதித்தார், தொபுக்! பூவராகன் கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் கயிற்றோடு வயல்பக்கம் குதித்து, பாதியில் தொங்கி, "யாராவது அவிழ்த்து விடுங்களேன்!" என்று கத்தினார். சட்டி வைத்திருந்த ஒரு கிழவரே போனால் போகிறதென்று அவிழ்த்துவிட்டார்.

கல் காலி.

"அப்ப யாரும் மடைக்காரர் இல்லையா?" என்று கேட்டாள் காத்தாயி.

"யாரும் இல்லை!" என்றது சபை. "யாரும் இல்லை!" என்றார் தலைவர். "சத்தியமா யாரும் இல்லை!" என்றது ஏரிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நல்லது. வலது தூண்ல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே காத்தாயி மடையின் மேல் ஏறினாள். கல் காலியாகக் கிடந்தால், கரையில் முதலில் நிற்கும் உழவர் உட்காரலாம். அவள் முந்தானையை உதறிக் கல்லைத் துடைத்தாள். பழக்க தோஷம். பிறகு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவளுக்குச் சட்டென்று வாய் வரவில்லை. பிறந்தது முதல் மற்றவர்கள் சொன்ன சொல்லுக்கு ஓடினவள் அவள். அவள் சொல்லி ஒரு பொருளும் இதுவரை அசைந்ததில்லை. கழியைப் பிடித்திருந்த நாலு ஆளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"திற" என்றாள். சின்னக் குரல்தான்.

திறந்தார்கள். மூடு என்று சொல்ல ஆள் இல்லை. தண்ணீர் பாய்ந்தது, பாய்ந்தது, பாய்ந்துகொண்டே போனது. முந்நூறு பேரும் சட்டிகளை வீசிவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் ஓடியது. சுண்டல்காரனும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். சிலர் பாட்டுப் பாடினார்கள், சிலர் காரணமில்லாமல் கத்தினார்கள்.

மண்டபத்தில் எழினியார் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சரி, ஓட்டெடுப்பு" என்றார். பதின்மூன்று துண்டு உதறின. ஏழு துண்டு தோளிலேயே இருந்தன. சின்னுடையார் இடம் காலி!

தேடினார்கள். கடைமடையில், முழங்கால் சேற்றில், துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தார் அவர். எழினியார் வரப்பில் நின்று கத்தினார். "யோவ்! தலைவர் குற்றவாளியா, இல்லையா? சொல்லிட்டு நடும்!"

சின்னுடையார் நிமிரவில்லை. "இந்தப் பாத்தி முடியட்டும், பார்க்கலாம்" என்றார். "அதோட துண்டு சேறாயிடுச்சு. உதறினா உங்க மேலதான் தெறிக்கும்."

பொழுது சாய்ந்தது. ஒரே ஒரு துண்டில் தலைவர் தப்பினார். வெற்றி என்று மருதவாணர் குடையை ஓங்கி விரித்தார். விரிசல் விட்ட காம்பு முறிந்து, குடை கவிழ்ந்து அவர் தலையிலேயே உட்கார்ந்தது. சிரிக்கக்கூட ஆள் இல்லை, எல்லாரும் வயலில். மனிதர் கவிழ்ந்த குடையைத் தலையிலிருந்து கழற்றினார். பிறகு இறங்கி வந்து, வரப்பில் உட்கார்ந்து, பழைய கைப்பழக்கத்தில் காம்புக்குக் கயிறு சுற்ற ஆரம்பித்தார். நன்றாகத்தான் சுற்றினார். அந்த வேலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

முப்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் கடைசி நாற்றும் மண்ணில் இறங்கியது. வல்லத்தரையரின் கஞ்சி புளித்துப் போயிற்று. கொட்டகைக் கூரை அடுத்த மழையில் தானாக விழுந்தது.

காத்தாயியைக் கல்லை விட்டு எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. எழுந்தால் அடுத்து உட்காருவது யார் என்ற கேள்வி வருமே! அவளோ அன்றாடம் காலையில் தானாகவே எழுந்தாள். தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்தாள், மூன்றாவது விதியை உரக்க வாசித்தாள், அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். அதுவே அந்த நாட்டின் வழக்கமாயிற்று. தலைவரானாலும் சரி, சபையாரானாலும் சரி, பதவியில் உட்காரும் முன் நாரை எடுத்து அந்தக் கல்லைத் தேய்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஆகையால் கேட்டவர்களே, வீட்டுக்குப் போகும்போது இதை எடுத்துக்கொண்டு போங்கள்: பொறுப்பு என்றதும் குதித்து ஓடுகிறவருக்கு, அதிகாரத்தில் உட்கார உரிமை இல்லை.